உன் பெட்டிக்கு என் கடிதங்கள் வராது

எஸ்தரம்மா, முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன்: முடியாது. நீ பெங்களூருக்குக் கிளம்பும்போது என் மேசை மேல் வைத்துவிட்டுப் போன தாளில் நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. அதை நான்கு தடவை படித்தேன். நம்முடைய கம்பெனி முகவரிக்கு வருகிற மெயில் அத்தனையையும் இனிமேல் பெங்களூரில் உன் சொந்தப் பெட்டிக்கு ஃபார்வர்ட் பண்ணிவிட வேண்டும், நீ அங்கே படித்து எனக்குப் போனில் சொல்வாய், நான் சொல்வதை நீ ஆங்கிலத்தில் அடித்து அனுப்புவாய் என்று வேலூர் கம்ப்யூட்டர்காரர் குமரேசனுக்கு நீ எழுதி வைத்திருக்கிறாய். கடைசி வரியில், ‘சித்தப்பாவுக்குச் சிரமம் இருக்காது’ என்று வேறு. சிரமம் இருக்காது என்று ஒரு மனுஷனைப் பற்றிச் சொன்னால், அவனுக்கு வேலை இல்லை என்று அர்த்தம். எனக்கு வேலை இருக்கிறது.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கிறது. உன் அப்பா, அதாவது என் அண்ணன், இருந்திருந்தால் உன் கையைப் பிடித்து ஆலயத்துக்குள் அழைத்துப் போயிருப்பார். அவரும் இல்லை, உன் அம்மாவும் இல்லை என்று ஆனபோது உனக்கு ஒன்பது வயது. அன்றிலிருந்து உனக்கு அப்பா நான்தான், அம்மா உன் சித்திதான். ‘இந்தப் பெண்ணைக் கொடுப்பவர் யார்?’ என்று போதகர் கேட்கும்போது ‘நான்’ என்று சொல்ல வேண்டிய ஒற்றைச் சொல்லை ஒரு மாதமாகச் சொல்லிப் பழகுகிறேன். ஆனால் இந்தக் கடிதத்தின் நடுவில் ஒரு சேதி வரும். அதைப் படித்த பிறகு அந்த இடத்தில் நான் நிற்கலாமா, உன் தாய்மாமன் நிற்கட்டுமா என்று நீ முடிவு பண்ணு. நீ எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேச மாட்டேன். பெட்டி விஷயத்தில் மட்டும் எதிர்த்துத்தான் பேசுவேன். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளாதே.

நான் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்வேன், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. எட்டாவது வரை படித்தவன். எட்டாவது பாஸா என்று கேட்டால் அந்த வாத்தியாரைத்தான் கேட்க வேண்டும், அவரும் போய்விட்டார். பதினாறு வயதில், தோல் பதனிடுகிற டேனரி ஒன்றில் தோல் பிரிக்கிற வேலைக்குப் போனேன். முதல் தரம், இரண்டாம் தரம் என்று நல்ல தோலையும் கெட்ட தோலையும் விரலால் தடவிப் பார்த்துப் பிரிக்கிற வேலை. ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரைக்கும் என் விரலுக்குத் தெரியாத தோல் கிடையாது. கண்ணைக் கட்டிவிட்டால்கூட ஆடு எந்தச் சந்தையில் விற்றது, விற்றவன் கடன்காரனா இல்லையா என்பதுவரை சொல்வேன். ஒரு இத்தாலிக்காரன் என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தான். உன் சித்தி, ‘கை குலுக்கினான், அவ்வளவுதான்’ என்பாள். அவள் அன்றைக்கு வாசலில் நின்றாள், அவளுக்கு என்ன தெரியும்? அப்படிப்பட்டவன்தான் பேரணாம்பட்டு ரோட்டில் ஒரு கொட்டகையைப் பிடித்து, தோலுக்கு நிறம் அடித்துப் பளபளப்பு ஏற்றி அனுப்புகிற பினிஷிங் யூனிட் போட்டேன். விரல் எல்லாம் சொல்லும். ஆனால் இங்கிலீஷ் கடிதத்தைத் தடவிப் பார்த்தால் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அதனால்தான் முதல் தப்பு நடந்தது. தொண்ணூறுகளின் கடைசியில், ஃபேக்ஸ் மிஷின் எல்லாம் சுருண்டு படுக்க ஆரம்பித்த காலம். குமரேசன் அப்போது மீசை முளைத்தும் முளைக்காத பையன், வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்து யூனிட் யூனிட்டாக ஏறி இறங்கி எல்லோருக்கும் கம்பெனிப் பெயரில் முகவரி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். எனக்கும் ஒன்று எடுத்தான். எடுத்துவிட்டு, “பொட்டி வேணுமாண்ணே, ஃபார்வர்டு போதுமா?” என்றான். எனக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். “பொட்டின்னா லெட்டர் வந்து உங்ககிட்டயே இருக்கும். நீங்க சாவி போட்டுத் தொறந்து படிக்கணும், பதில் போட்டா உங்க பேர்லயே போவும். ஃபார்வர்டுன்னா உங்க வாசல்ல பேர்ப்பலகை மட்டும்தான். லெட்டர் வரும், நிக்காது, நீங்க சொல்ற வேற வூட்டுக்குப் போய்டும்.” நான் யோசிக்கவே இல்லை. “படிக்கிறவன் வூட்டுக்கே போவட்டும்பா. எனக்கு எதுக்குப் பொட்டி? பூட்டு இன்னா, சாவி இன்னா, பேஜாரு” என்றேன். படிக்கிறவன் என்றால் சென்னையில் இருந்த ஏஜென்ட் வரதன். வெளிநாட்டுக்காரனுக்கும் எனக்கும் நடுவில் தந்தி காலத்திலிருந்து அவர்தான். வெளிநாட்டிலிருந்து எது வந்தாலும் அவர் படித்துச் சொல்வார், நான் தலையாட்டுவேன். எங்கள் பக்கத்தில் சின்ன யூனிட்காரர்கள் எல்லோருமே அப்படித்தான். ஏஜென்ட் படித்துச் சொல்வதுதான் கடிதம். கடிதத்தை நேரில் பார்த்தவன் எவனும் இல்லை.

இரண்டு வருடம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு அந்தக் காபிக்கொட்டை நிறத்து ஆர்டர் வந்தது. நீ அப்போது பதினொன்றாவது. எண்ணூறு தோல். சாம்பிள் போய், பார்த்துவிட்டு, அந்த இத்தாலிக்காரன் ஒரு வியாழக்கிழமை மெயில் போட்டிருக்கிறான்: நிறம் ஒரு படி கருப்பாக வேண்டும், மற்றபடி சரி. அது என் முகவரிக்கு வந்தது, என் வாசலில் நிற்காமல் வரதன் பெட்டிக்குப் போனது. வரதன் வீட்டில் விசேஷம். அவர் அதைத் திறந்து படித்தாரா, படித்து மறந்தாரா, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். சனிக்கிழமை நான் எண்ணூறு தோலையும் பழைய நிறத்திலேயே அடித்து முடித்து, இந்த ஜில்லாவில் இப்படி ஒரு பினிஷிங் யாராவது பார்த்திருக்கிறார்களா என்று ஆட்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன். திங்கட்கிழமை போன்.

“கலர மாத்தியாச்சில்ல?” என்றார் வரதன்.

“எந்தக் கலரு?”

“ஒரு படி டார்க்குன்னு வெள்ளிக்கிழமையே போன் பண்ணி சொன்னனே.”

“யாருகிட்ட சொன்னீங்க?”

“யாரோ எடுத்தாங்கப்பா. ஆம்பள குரல்.”

என் ஆபீஸில் என்னைத் தவிர ஆம்பளைக் குரல் கிடையாது, உனக்கே தெரியும். “அந்த லெட்டர காட்டுங்க” என்றேன். “எங்கிட்ட இருக்கு, உனக்கு எதுக்கு?” என்றார். இத்தாலிக்காரனைக் கேட்டால், ‘உன் முகவரிக்குத்தானே அனுப்பினேன், உனக்குக் கிடைத்ததே’ என்று அவன் ஆள் சொல்கிறான். அவன் சொன்னதும் நிஜம்தான். என் முகவரிக்குத்தான் வந்தது. ஆனால் என் கையில் காட்டுவதற்கு ஒரு எழுத்து இல்லை. எண்ணூறு தோலையும் திரும்ப எடுத்து, துடைத்து, மறுபடி அடித்தோம். பதினோரு நாள். அந்த ஆர்டர் எங்களைவிட்டுப் போனது மட்டுமில்லை, ‘அந்த ஆளுக்குக் கடிதம் போட்டாலும் படிக்க மாட்டான்’ என்று பெயரும் வந்தது. அந்தப் பெயர்தான் எனக்கு வலித்தது. வேறு எதைச் சொன்னாலும் தாங்கியிருப்பேன்.

இதில் என்ன கொடுமை என்றால், எனக்குத் தெரியாத பாடம் இல்லை இது. ஒரு தோலின் நிறம் சரி என்று ஒத்துக்கொண்டால் நாங்கள் என்ன செய்வோம்? அந்தத் தோலில் ஒரு துண்டை வெட்டி, அதைச் சரிபாதியாக நறுக்கி, இரண்டு பாதியின் பின்பக்கத்திலும் இரண்டு பேரும் பேனாவால் கையெழுத்துப் போடுவோம். ஒரு பாதி வாங்குகிறவனோடு போகும், ஒரு பாதி என் பீரோவில் இருக்கும். நாளைக்குச் சண்டை வந்தால் இரண்டையும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், நிறம் தானே பேசும். இருபது வருடத்துப் பாதித்துண்டுகள் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன. ஒரு விரல் நீளத் தோலுக்குக்கூட என் பாதியை விட்டுக்கொடுக்காதவன், வந்த கடிதம் அத்தனையையும் முழுசாக இன்னொருத்தன் வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டு, பேர்ப்பலகையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படிக்காதவன் என்பதால் இல்லை, சோம்பேறி என்பதால். படிப்பைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்கிற சோம்பேறிகள் இந்த ஊரில் ஜாஸ்தி, அதில் நான் கொஞ்ச நாள் தலைவராக இருந்தேன்.

அதற்குப் பிறகு வரதனை விட்டேன். ஆனால் புத்தி முழுசாக வரவில்லை. குமரேசன் அப்போதும் பெட்டி வாங்கச் சொன்னான். நான், ‘ஃபார்வர்டே இருக்கட்டும், இடத்தை மட்டும் மாற்று’ என்றேன். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் எனக்கென்று ஒரு இலவச மெயில் பெட்டி திறந்து, கம்பெனிக்கு வருவது எல்லாம் அதற்குள் விழுகிற மாதிரி செய்தேன். சென்டர்க்காரன் வாரம் மூன்று நாள் தாளில் அடித்துக் கொடுப்பான், நான் டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு நெற்றியைச் சுருக்குவேன். இப்படியே நான்கு வருடம் போன பிறகு ஒரு டிசம்பரில்தான் உனக்கு அந்தக் கிறிஸ்துமஸ் பரிசு கொடுத்தேன். நீ கல்லூரியில் கடைசி வருடம். கம்பெனிப் பெயருக்கு முன்னால் உன் பெயரைப் போட்டு ஒரு முகவரி. சபைக் கூட்டத்தில் எழுந்து நின்று, “நம்ம வேலூர் ஜில்லாவிலேயே சொந்தப் பேர்ல மெயில் அட்ரஸ் வச்சிருக்கிற ஒரே பொண்ணு என் பொண்ணுதான்” என்று அறிவித்தேன். ஜில்லா என்று சொன்னது குறைச்சல் என்று பிறகு தோன்றியது. நீ வெட்கப்பட்டுச் சித்தியின் முந்தானைக்குப் பின்னால் போனாய். ஆனால் அடுத்த நாளே உன் நோட்டுப் புத்தகங்களில் எல்லாம் அந்த முகவரியை எழுதினாய். வேலைக்குப் போட்ட விண்ணப்பங்களிலும் அதைத்தான் எழுதினாய்.

அது பெட்டி இல்லை, எஸ்தர். அதுவும் ஃபார்வர்டுதான். உன் பெயருக்கு வந்ததெல்லாம் என் பெட்டிக்குள் விழுந்தது. ‘உனக்கு வந்தா நான் எடுத்தாந்து குடுத்துடுவேன்’ என்று சொன்னேன், நீயும் நம்பினாய், பெரும்பாலும் கொடுக்கவும் செய்தேன்.

இனி எழுதுவதில் ஜரிகை கிடையாது. உன் சித்திக்கே நேற்றுத்தான் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். “அந்தப் புள்ள அப்போ ஒரு வாரம் சரியா சாப்புடாம கெடந்தது உங்களுக்குத் தெரியும்தானே?” என்றாள். தெரியும் என்றேன். “இன்னைக்கே எழுதுங்க. கூட்டியும் எழுதாதீங்க, கொறைச்சும் எழுதாதீங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நீ பி.எஸ்ஸி. முடித்த அந்தக் கோடையில், சென்னையிலிருந்து ஒரு கம்பெனி உன் பெயருக்கு மெயில் போட்டது. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாய், வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அசல் சான்றிதழ்களோடு நேரில் வா என்று. சென்டர்க்காரன் திங்கட்கிழமை அதைத் தாளில் அடித்து என்னிடம் கொடுத்தான். டிக்‌ஷனரியை எடுத்தேன். ‘தர்ஸ்டே’ எனக்கே தெரியும். ‘ஒரிஜினல்’ தெரியும். ‘செலக்டட்’ என்ற சொல் என் தொழிலிலேயே இருக்கிறது, நல்ல தோலைப் பிரித்து வைத்தால் அதுதான் பெயர். புரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க ஒரு சொல்கூட அந்தத் தாளில் இல்லை. நான் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். சாயங்காலம் நீ கேட்டாய், “எனக்கு ஏதாவது வந்துச்சா சித்தப்பா?” ஒண்ணும் வரலம்மா என்றேன். செவ்வாய்க்கிழமை கேட்டாய். புதன்கிழமை நீயே சென்டருக்குப் போகிறேன் என்று செருப்பை மாட்டினாய். லைன் போய்விட்டது, நெட் வேலை செய்யவில்லை என்று சொல்லி நிறுத்தினேன். வியாழன் போனது. அடுத்த வாரம் நீ மெதுவாக, “என் இங்கிலீஷ் பத்தலை போல” என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நினைவிருக்காது உனக்கு, எனக்கு இருக்கிறது. “சென்னக்காரனுங்க அவனுங்க ஆளத்தான் எடுப்பானுங்க, நீ நம்ம ஆபீசுல வந்து உட்காரும்மா” என்றேன்.

நீ வந்து உட்கார்ந்தாய். ஆறு வருடம் கம்பெனிக் கடிதங்களுக்கெல்லாம் நீதான் பதில் எழுதினாய். நான் ஊரெல்லாம், “சென்னைக்குப் போற வயசுல, சித்தப்பாதான் முக்கியம்னு இங்கியே இருந்துட்டா” என்று சொல்லித் திரிந்தேன். சபையிலும் சொன்னேன், உன் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டாரிடமும் சொன்னேன். இந்த யூனிட் இன்றைக்கு நாற்பது பேருக்கு வேலை கொடுக்கிறது என்றால் அது உன் கடிதங்களால்தான்; விட்டுப்போன இத்தாலிக்காரனையும் அவைதான் திரும்பக் கொண்டுவந்தன. ஆனால் உன் இங்கிலீஷ் பத்தவில்லை என்று நீ உன்னைப் பற்றி நினைத்துக்கொண்டாய் பார், அதை நான்தான் உனக்குள் வைத்தேன். உன் இங்கிலீஷ் பத்தியது. நீ தேறியிருந்தாய். அந்தத் தாளை நான் கிழிக்கவில்லை, ஏன் என்று எனக்கே தெரியாது. இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன், உன்னுடையது. பெருமை அடித்தது ஊர் முன்னால் என்பதால், இந்தக் கடிதத்தைச் சபை மாத இதழிலும் போடச் சொல்லப்போகிறேன். நீ சரி என்றால் மட்டும். வேண்டாம் என்றால் உன்னோடு நிற்கட்டும்.

இப்போது நீ வைத்துவிட்டுப் போன தாளுக்கு வருகிறேன். நீ கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நானும் கெட்ட எண்ணம் என்று நினைத்து அதைச் செய்யவில்லை. உன்னைப் பிரிய முடியாது, பெண் பிள்ளை தனியாகச் சென்னையில் என்ன செய்யும் என்று எனக்கு நானே அழகழகாகக் காரணம் சொல்லிக்கொண்டேன். அடுத்தவர் கடிதம் முதலில் நம் கையில் விழுகிறது என்றால், அவருக்கு எது நல்லது என்று முடிவு பண்ணுகிற ஆசை தானாக வந்துவிடும். உனக்கும் வரும். ஒரு நாள் அந்த இத்தாலிக்காரன் கோபமாக எழுதுவான். ‘சித்தப்பாவுக்கு ரத்த அழுத்தம், இதை நாளைக்குச் சொல்லலாம்’ என்று நினைப்பாய். இன்னொரு நாள் பெரிய ஆர்டர் ஒன்று வரும். ‘இந்த வயசில் இவர் எதற்கு இவ்வளவு இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்’ என்று நீயே பதில் போட்டுவிடுவாய். பாசத்தில்தான் செய்வாய். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். எனக்குக் கெட்ட செய்தி வந்தால் அது என் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்று. நீ புது வீட்டுக்குப் போகிறாய், புது வேலையில் சேர்ந்திருக்கிறாய். அங்கே உட்கார்ந்துகொண்டு என் தோலுக்கும் சாயத்துக்கும் பதில் எழுதினால், நீ பெங்களூரில் இருந்தாலும் பேரணாம்பட்டு ரோட்டில்தான் இருப்பாய். ஆறு வருடம் போதும். மாப்பிள்ளை நல்ல பையன். ஆனால் போன மாதம் வந்தபோது, ‘எதுக்கு ரெண்டு பேருக்கும் தனித்தனி, ஒரே மெயில் வச்சிக்கலாம்’ என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே முடியாது என்று சொல்லு. உனக்கென்று ஒரு பெட்டி, உனக்கு மட்டும் தெரிந்த பாஸ்வேர்ட். அவர் மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. என்னைவிட உன் மேல் பாசமாக இருந்தவன் எவனும் இல்லை, நான் என்ன செய்தேன் என்று இப்போதுதான் படித்தாய்.

நான் இந்த முடிவைச் சொன்னபோது சிரிக்காத ஆள் இல்லை. பக்கத்து யூனிட் ஜாபர் பாய், முப்பது வருட தோஸ்த், டீயைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார்.

“இன்னா அண்ணே, ஒனக்கு எதுக்குப் பொட்டி? பொண்ணுக்கு அனுப்பிட்டு ஜாலியா இரு. நீ இங்கிலீஷ் படிக்கிறதுக்குள்ள தோலு மறுபடி ஆடா எழுந்து நடந்து போய்டும்.”

“போனா பிடிச்சாந்து மறுபடி உரிப்பேன் பாய். என் லெட்டர நான் படிப்பேன்.”

“வயசு இன்னா ஆவுது ஒனக்கு?”

“உங்களவிட ரெண்டு கம்மி.”

“எனக்குத் தெரியாதா, நாலு ஜாஸ்தி!” என்றார். ஆனால் போகும்போது, “படிக்க வந்துச்சுன்னா எனக்கும் சொல்லிக் குடு. எம்புள்ளையும் துபாய்க்குப் போறேன்றான்” என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிவிட்டுப் போனார்.

உனக்குத் தெரியாமல் மூன்று மாதமாகச் சனிக்கிழமை சனிக்கிழமை வேலூர் போய்க்கொண்டிருக்கிறேன். எலும்பு டாக்டரிடம் போகிறேன் என்று சொன்னேனே, அது இதுதான். குமரேசன் இப்போது பெரிய ஆள், நான்கு கம்ப்யூட்டர், குளிர் ரூம். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தான். இரண்டு விரலால்தான் அடிக்கிறேன், ஆனால் அந்த இரண்டு விரல் எப்படிப்பட்ட விரல் என்று உனக்குத் தெரியும். வெளிநாட்டுக் கடிதங்களில் இருநூறு சொல்லுக்கு மேல் கிடையாது, அதையே திரும்பத் திரும்ப எழுதுகிறார்கள். ‘கைண்ட்லி’ என்று ஆரம்பித்தால் நமக்கு ஒரு வேலை வருகிறது. ‘ரிக்ரெட்’ என்றால் ஏதோ போய்விட்டது. ‘டியர் ஃப்ரெண்ட்’ என்றால் விலையைக் குறைக்கப் பார்க்கிறான், ஜாக்கிரதை. இதை எந்தக் காலேஜிலும் சொல்லித் தர மாட்டார்கள். புரியாத சொல் வந்தால் டிக்‌ஷனரி, அதிலும் கிடைக்காவிட்டால் அவனுக்கே எழுதிக் கேட்பேன். கேட்பதில் என்ன கேவலம்? படித்த மாதிரி நடித்த வருஷங்கள்தான் கேவலம்.

போன சனிக்கிழமை ஃபார்வர்டை எடுத்துவிட்டுப் பெட்டி வாங்கியாயிற்று. ஆம், உன்னைக் கேட்காமல்தான். பாஸ்வேர்ட் போடச் சொன்னபோது குமரேசன் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். “நீங்களே அடிங்கண்ணே, எனக்கும் தெரியக் கூடாது” என்றான். அந்தப் பையனுக்கு ஒரு சல்யூட் வைக்க வேண்டும். அடித்தேன். இரண்டாவது தடவை அதையே அடிக்கச் சொன்னது, தப்பாகப் போய்விட்டது. மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டது. திங்கட்கிழமை ஆபீஸில் நானே திறந்தேன். முதல் கடிதம் அந்த இத்தாலிக்காரனுடையது. அடுத்த சீசனுக்கு ஒரு பழுப்பு நிறம் கேட்டு, கடைசியில் ‘மிஸ் எஸ்தர் எப்படி இருக்கிறார்’ என்று. நானே பதில் அடித்தேன். பழுப்பு சாம்பிள் பத்து நாளில் வரும், மிஸ் எஸ்தருக்குக் கல்யாணம், இனிமேல் எல்லாக் கடிதத்தையும் நானே படிக்கிறேன். ஒரு மணி நேரம் ஆனது. அனுப்பி முடித்த பிறகு பார்த்தால் ‘மேரேஜ்’ என்ற சொல்லில் ஒரு எழுத்து காணோம். போகட்டும். அவன் சாயங்காலமே பதில் போட்டான், ‘கங்கிராஜுலேஷன்ஸ்’ என்று. அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்க டிக்‌ஷனரியில் இரண்டு பக்கம் புரட்டினேன். அந்த வாழ்த்து உனக்கு வந்தது. அன்றைக்கே உனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், அதற்கு முன்னால் பழையதைச் சொல்ல வேண்டியிருந்தது.

கம்பெனி முகவரியில் உன் பெயருக்கு இருந்த அந்த ஃபார்வர்டையும் நிறுத்திவிட்டேன். அது ஒரு நாளும் உன்னுடையதாக இருந்ததில்லை. இனி இங்கிருந்து எந்தக் கடிதமும் உன் பெட்டிக்கு வராது. நீயாக விரும்பி எனக்கு எழுதினால் உண்டு.

எழுதுவதென்றால், ஆலயத்தில் உன்னோடு நடப்பது நானா, மாமனா என்ற பதிலையும் போனில் சொல்லாதே. போனில் சொன்னால் நான் குறுக்கே பேசி, கதை சொல்லி, உன்னைச் சிரிக்கவைத்துத் தப்பித்துக்கொள்வேன், என் புத்தி எனக்குத் தெரியும். மெயிலில் எழுது. அந்தப் பெட்டியை என்னைத் தவிர யாரும் திறக்க முடியாது. திட்டுவதென்றால் தமிழில் வேண்டாம், நீ என் மேல் வைத்திருக்கும் மரியாதை குறுக்கே வந்து நிற்கும். உன் இங்கிலீஷிலேயே திட்டு, அந்தச் சென்னைக் கம்பெனிக்காரன் தேர்ந்தெடுத்த இங்கிலீஷ். எவ்வளவு பெரிய சொல்லாக இருந்தாலும் போடு. குமரேசனைக் கூப்பிட மாட்டேன், ஜாபர் பாயிடம் காட்ட மாட்டேன். ஒவ்வொரு சொல்லாக நானே தேடிப் படிப்பேன்.